மில்லிக்கனில் கேட்ட கட்டைக்குரல்

இரத்தினவேலின் உடம்பு வன்னியில் அகப்பட்டுக் கிடந்த காலத்தில், அவருடைய குரல் மட்டும் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மாலை ஏழு மணிக்கு, கனடாவில், ரொறன்ரோவின் வட எல்லையான மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் வீதியோரமாக உள்ள கடைத்தொகுதி ஒன்றின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்கு வந்து பாடிவிட்டுப் போயிற்று. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மே மாதம் தொடங்கிய இந்த வழக்கம் முதல் மூன்று ஆண்டுகளில் பனிப்புயலுக்கோ பொது விடுமுறைக்கோ நின்றதில்லை. குரல் எவ்வழியாக வந்தது என்பதை எவரும் ஆராயவில்லை. அது நிற்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூன்றாவது தூணுக்கு இடப்புறம், பொன்னம்பலத்தின் தோளிலிருந்து ஓர் அடி தள்ளி. அவ்விடத்தில் எவரும் காரை நிறுத்துவதில்லை.

அருள்நாயகம், யோசப், பொன்னம்பலம், இரத்தினவேல் ஆகிய நால்வரும் ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டில் ரொறன்ரோவின் நடுவே, சென். ஜேம்ஸ் ரவுணில், உயர்ந்த கட்டடமொன்றின் பதினோராம் மாடியில் ஒரே அறையில் குடியிருந்தவர்கள். முன்பு அங்கே குடியிருந்தவர் அலுமாரிக்குள் ஒரு பெட்டி இசைத்தட்டுகளை விட்டுச் சென்றிருந்தார். ஐம்பதுகளில் அமெரிக்க நகரங்களின் தெருமூலைகளில் நின்று பாடிய கறுப்பின இளைஞர்களின் பாட்டுகள் அவை. வாத்தியம் அரிது, நாலைந்து தொண்டைகளே வாத்தியம். ஒருவர் சொற்களைப் பாட, மற்றவர்கள் டூ-வாப் என்றும் ஊ-வா என்றும் தும்-துடும் என்றும் அவரைச் சுற்றி வேலி கட்டினார்கள். நால்வருக்கும் அன்று ஆங்கிலம் போதாது. எனினும் அப்பாட்டுகளில் பாதி ஆங்கிலமே அல்ல. எந்த அகராதியிலும் இல்லாத சொற்களாகையால், அவற்றில் விளங்காமல் விடுவதற்கு ஏதும் இருக்கவில்லை. ஓட்டல்களில் கோப்பை கழுவிவிட்டு வந்து, பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் இடையிலுள்ள படிக்கட்டில், எதிரொலி நன்றாக இருக்கிறது என்பதற்காக, நின்றபடியே பாடிப் பழகினார்கள். பின்னர் தமிழில் சொந்தமாகப் பாட்டுக் கட்டினார்கள். மஞ்சள் கோட்டுத் தைப்பித்தார்கள். ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று, விரல் சொடுக்கி, ஒரே நேரத்தில் அரை அடி முன்னே வந்து அரை அடி பின்னே போனார்கள். திருமண வீடுகளிலும் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடுகளிலும் அவர்களை டூவாப் அண்ணைமார் என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் இருபது ஆண்டுக்கு மேல் நிலைத்தது.

அருள்நாயகம் முன்னே நின்று சொற்களைப் பாடுபவர். யோசப் எல்லோருக்கும் மேலே, கள்ளத்தொண்டையில், பட்டம் ஏற்றுவதுபோலப் பாடுபவர். மற்ற மூவருக்கும் மூத்தவரான பொன்னம்பலம் நடுக்குரல். இரத்தினவேல் கட்டைக்குரல். அவரே முதலில் தும்-துடும் என்று தாளத்தில் நான்கு அடி கொடுப்பார், அதுவே தரை. அதன்மேல் மற்றவர்கள் ஏறி நிற்பார்கள். சுருதிப்பெட்டி இல்லை, தாளக்காரர் இல்லை. தரை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாட்டு. இவ்வகைப் பாட்டில் கட்டைக்குரலுக்குச் சொற்கள் கொடுப்பதில்லை. பதினெட்டு ஆண்டுகளில் இரத்தினவேல் மேடையில் பாடிய சொல் என்று ஒன்றும் கிடையாது.

கிளிநொச்சியிலிருந்த தமக்கையை அழைத்து வருவதற்காக அவர் இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் ஆறு வார விடுமுறையில் போனார். தம் கணவர் படுக்கையிலிருந்தபடியால் தமக்கை வர மறுத்தார். அந்த மறுப்பை மாற்றுவதற்குள் சண்டை தொடங்கிப் பாதை மூடப்பட்டது. வெளியேறுவதற்கான பாஸ் அவருக்குக் கிடைக்கவேயில்லை. அவர் போன பின் மூவரும் பழக்க வசத்தால் அவருக்குரிய இடைவெளியை விட்டு, எதிரொலிக்காக வழமையாகப் பாடிப் பழகும் தரிப்பிடத்தில் நின்றபோது, இடைவெளியிலிருந்து நான்கு அடி வந்தது. அருள்நாயகம் திரும்பிப் பார்த்தார். யோசப் பார்க்காமலே, சம்பளமும் பெற்றோலும் கேட்காமல் வாறான், விடு என்றார். அவர்கள் பாடினார்கள். அந்த வாரமே இரத்தினவேலின் மனைவி குணவதி கிளிநொச்சிக்கு ரெலிபோன் எடுத்து விசாரித்தார். அங்கே அது விடியாத நேரம், தாம் நித்திரை, ஆனால் எழும்பும்போது தொண்டை சுடுகிறது என்று இரத்தினவேல் சொன்னார். நல்லெண்ணெய் தடவச் சொல்லிவிட்டுக் குணவதி அன்று முதல் தாமும் பாட்டுப் பழக்கத்துக்கு வரலானார். ஒரு பிளாஸ்கில் தேநீரும், மடக்குக் கதிரை ஒன்றும் கொண்டுவருவார். பாட்டு முடிந்ததும் இடைவெளியைப் பார்த்து, போட்டு வாங்கோ என்று வழியனுப்புவார்.

இரண்டாயிரத்து ஒன்பது தையில் கிளிநொச்சி இராணுவத்தின் கையில் விழுந்தது. ரெலிபோன் அறுந்தது. அன்றிலிருந்து பழக்கம் வாரத்தில் ஏழு நாளும் நடந்தது. ஏனென்றால் அந்த நான்கு அடியைத் தவிர வேறு செய்தி இல்லை. அருள்நாயகம் மார்க்கம் நகரில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை செய்தார். ஆணி ஒன்று தலைமயிர் அளவு தடித்தாலும் ஒதுக்கி எறிபவர். அவர் அந்த மாதங்களில் ஆணிகளைப் பார்த்துக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழு மணிக்கு மூவரும் நின்று, விரல் சொடுக்கி, மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்கள். அடி வந்தால் அன்றைய நாள் கடந்தது. அடுத்த நாள் காலையிலிருந்து மறுபடியும் அதே பயம் தொடங்கும்.

திருமணங்கள் ஒத்திவைக்கப்பட்டன. மண்டபங்கள் வெறுமையாயின. நகரின் நடுத் தெருக்களில் சனம் கைகோத்து நின்றது; நால்வரில் மூவரும், குணவதியும், அந்தக் குளிரில் நின்றார்கள். பின்னர் அங்கிருந்தே பழக்கத்துக்கு ஓடி வந்தார்கள். இது ரொறன்ரோத் தமிழரிடையே பேச்சாயிற்று. ஒரு நாள் ஊர்ச் சங்கத் தலைவர் அமிர்தநாதர், தொப்பியையும் கையுறையையும் கழற்றாமலே தரிப்பிடத்துக்குள் இறங்கி வந்தார்.

"அங்க சனம் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள்ள கிடக்குது. நீங்கள் இஞ்ச விரல் சொடுக்கிக்கொண்டு நிக்கிறியள். ஆக்கள் என்ன கதைக்கினம் எண்டு தெரியுமோ?"

"ரெண்டு நிமிசம் இருங்கோ, அண்ணை. கேட்டிட்டுப் பேசுங்கோ," என்று குணவதி தம்முடைய கதிரையை அவருக்குத் தள்ளினார்.

மணி ஏழு. அடி வந்தது. இடைவெளியில் ஆளில்லாததையும், குரல் வருவதையும் அமிர்தநாதர் ஒன்றன்பின் ஒன்றாகக் கவனித்தார். பிறகு கதிரையில் அமர்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பாட்டு முடிந்ததும் பொன்னம்பலத்தின் அருகே போய், மிகத் தாழ்ந்த குரலில், தம் தங்கையும் இரு பிள்ளைகளும் விசுவமடுப் பக்கம் இருந்தவர்கள், அவர்களைப் பற்றி இந்தக் குரலிடம் விசாரிக்க முடியுமா என்றார்.

"உவனுக்கு நாங்கள் சொல்லுக் குடுக்கேல்லை, அண்ணை," என்றார் பொன்னம்பலம். "இருவது வருசமா உதைத்தான் குடுத்தம். தும்-துடும்."

எனினும் கேட்டுப் பார்த்தார்கள். இவ்வகைப் பாட்டுகள் சிலவற்றில் நடுவே மற்றவர்கள் வாய் மூடி முனக, கட்டைக்குரல் காதலியிடம் பேசுவதுபோல நாலு வரி பேசும் வழக்கம் உண்டு. அப்படி ஓர் இடத்தைப் பாட்டில் திறந்துவிட்டார்கள். மூவரும் முனகினார்கள். அமிர்தநாதர் தங்கையின் பெயரை இடைவெளியை நோக்கிச் சொன்னார். திறந்துவிட்ட இடத்தில் தும்-துடும், தும்-துடும் என்று வந்து, ஒரு சொல்லும் இன்றி நிறைந்தது. மறுநாள் அமிர்தநாதர் மேலும் பன்னிருவரை அழைத்து வந்தார். பங்குனி முடியும்போது எழுபது பேர், கார்களுக்கிடையில், கோட்டைக் கழற்றாமல், எண்ணெய்க் கறை படிந்த சீமெந்துத் தரையில் நின்று அந்த ஒலியைக் கேட்டார்கள். அவன் இருக்கிறான் என்றால் பக்கத்தில் இருப்பவர்களும் இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. அதில் பிழை காண எவருக்கும் மனம் வரவில்லை.

பிழை அருள்நாயகத்திடம்தான் நேர்ந்தது. சித்திரை நடுவில் ஒரு நாள், யோசப் மேற்குரலை ஒரு சிரமமும் இன்றி எட்டிப் பிடிப்பதை அவர் கவனித்தார். ஐம்பது வயதுத் தொண்டைக்கு அது இயல்பன்று. சட்டைப்பையிலிருந்து சுருதிக்குழலை எடுத்து ஊதிப் பார்த்தார். பாட்டு அதற்குரிய இடத்தில் இல்லை. சுருதி இரண்டரைக் கட்டை கீழே கிடந்தது. வாத்தியமின்றிப் பாடுபவர்கள் எல்லோரும் சேர்ந்து இறங்கினால், இறங்குவது அவர்களுக்கே தெரியாது. ஓடும் பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்குப் பஸ் ஓடுவது தெரியாததுபோல. எழுபது பேர் முன்னிலையில் சுருதி தவறிப் பாடியிருக்கிறோம் என்ற எண்ணம் அவரைச் சுட்டது. ஊர் எரிகிறது, பாதை அடைபட்டிருக்கிறது, தம்மால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் இது தம்மால் ஆகும் என்று நினைத்தார். அடுத்த மாலை, கட்டைக்குரலின் அடிக்குக் காத்திராமல், தாமே குழலை ஊதி, பழைய சுருதியில் பாட்டை எடுத்தார். மற்ற இருவரும் அதைப் பற்றிக்கொண்டார்கள். மூவரும் மிகச் சரியாகப் பாடினார்கள். கட்டைக்குரல் வரவில்லை.

அன்று எழுபது பேரும் நெடுநேரம் கலையாமல் நின்றார்கள். மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் பிரிந்தும் சிதறியும் போனார்கள் என்று வானொலி சொல்லிற்று. குழல் ஊதிச் சரி பார்த்தவனாலேயே குரல் போயிற்று என்று யோசப் சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அருள்நாயகம் வேலைக்கு விடுமுறை எடுத்தார். பொன்னம்பலம் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த பழக்கங்களை அவர் வாங்கிச் சென்று, மார்கழியிலிருந்து ஒவ்வொன்றாகக் குழலோடு ஒப்பிட்டார். பரந்தன் விழுந்த கிழமையில் அரைக் கட்டை இறங்கியிருந்தது. விசுவமடுவிலிருந்து சனம் எழும்பிய கிழமையில் இன்னும் அரை. புதுக்குடியிருப்பில் மேலும் அரை, அங்கிருந்து கடற்கரை வரை இன்னும் இரண்டு அரை. ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் குரல் ஒரு படி இறங்கியே வந்திருந்தது. நாலு மாதமாக இரத்தினவேல் தாம் எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கேட்கவேண்டியவர் அதைப் பிழை என்று திருத்திவிட்டார்.

அவர் இதைக் குணவதியிடம் போய்ச் சொன்னார். ஸ்காபரோவில் அவர்களுடைய வீட்டு வாசலிலேயே, காலணியைக் கழற்றாமல் நின்று சொன்னார். திட்டு வாங்கத் தயாராகவே போயிருந்தார்.

"நீங்கள் சரியாத்தான் பாடினியள், அருள் அண்ணை. அவர் அங்க இல்லை. அவ்வளவுதான்," என்றார் குணவதி. "இறங்கிப் போய்ப் பாருங்கோ."

ஆகவே அவர்கள் இறங்கினார்கள். நாளொன்றுக்குக் கால் கட்டைக்கு மேல் தொண்டை தாங்கவில்லை. மல்லித்தண்ணீரும் இஞ்சியும் குடித்துக்கொண்டு இறங்கினார்கள். விட்ட இடமாகிய இரண்டரைக் கட்டைக்குப் போனபோது அங்கே எவரும் இல்லை. அவர் அதற்குள் அங்கிருந்தும் எழுந்து போயிருந்தார். மூன்று கட்டையில் பாட்டுக் கேட்க அழகற்றதாயிற்று. நான்கில் அருள்நாயகத்தின் சொற்கள் சொற்களாக வரவில்லை. மிகவும் பட்டவர் யோசப். மேலே பறந்து பழகிய தொண்டையைக் கீழே அமுக்கி அமுக்கி, மே முதற் கிழமையில் ஒரு காலை எழுந்தபோது அவருடைய கள்ளத்தொண்டை இல்லாமற் போயிருந்தது. மனைவி தேநீர் கொண்டுவர, நன்றி சொல்ல வாய் திறந்தவரிடமிருந்து தவளையின் ஒலி வந்தது. அவர் அன்று மாலை வந்து, இனி என்னை எங்கேயும் நிற்பாட்டலாம் என்றார். அருள்நாயகத்தோடு அவர் மறுபடி பேசியது அப்பொழுதுதான். கூட்டம் நாளுக்கு நாள் குறைந்தது. சனம் நெடுஞ்சாலையில் இறங்கி வாகனங்களை மறித்த மாலையில், தரிப்பிடத்தில் அவர்கள் மூவரும் குணவதியும் மட்டுமே இருந்தார்கள். மூவரும் சொடுக்கி, காத்து, இறங்கினார்கள். ஒன்றும் வரவில்லை.

மே மாதம் பதினெட்டாம் நாள் எல்லாம் முடிந்தது என்று தொலைக்காட்சி அறிவித்தது. கனடாவில் அன்று விக்ரோறியா மகாராணியின் பெயரிலான பொது விடுமுறை, கடைத்தொகுதி பூட்டியிருந்தது. காவலாளி தெரிந்தவராகையால் கதவைத் திறந்துவிட்டார். அமிர்தநாதரும் வந்திருந்தார். அவர் தங்கையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அவர் சவரம் செய்திருக்கவில்லை. ஏழு மணி கடந்தும் அவர்கள் கலையவில்லை; இருட்டத் தொடங்கியபோது, விடுமுறை வழக்கப்படி அயலிலுள்ள பூங்காக்களில் வாணவேடிக்கை தொடங்கிற்று. வெடி ஒவ்வொன்றுக்கும் கீழே நின்ற ஐவரும் தோளைக் குறுக்கினார்கள். பொன்னம்பலமே விரல் சொடுக்கினார். ஐந்தரைக் கட்டை கீழே, மனிதத் தொண்டை பாடுவதை நிறுத்திவிட்டு உறுமத் தொடங்கும் இடத்தில், மூவரும் பாட்டை எடுத்தார்கள். அது பாட்டாக இல்லை. பாரம் ஒன்றைத் தரையில் இழுப்பதுபோல இருந்தது. முதல் அடி போயிற்று. இரண்டாவது போயிற்று. அருள்நாயகம் கண்ணை மூடி, இன்னும் அரைக் கட்டை, இருக்கவே முடியாத ஓர் இடத்துக்கு, மூச்சை மட்டும் இறக்கினார்.

குணவதியின் பிளாஸ்க் மூடியில் ஊற்றியிருந்த தேநீரில் வட்டம் எழுந்தது. ஒன்று, பிறகு இரண்டு சேர்ந்து, பிறகு ஒன்று. தும்-துடும், தும். காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. உள்ளங்கால் வழியாக முழங்காலுக்கும், அங்கிருந்து நெஞ்செலும்புக்கும் அது ஏறியது. தள்ளி நின்ற வான் ஒன்றின் அபாய ஒலி தானாகவே அலறத் தொடங்கிற்று. குணவதி மூடியைத் தரையில் வைத்து, இரண்டு கையாலும் சீமெந்தைத் தொட்டுக்கொண்டு குனிந்திருந்தார். பாட்டு முடிந்ததும், போட்டு வாங்கோ என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அதன்பின் வந்த இரண்டு ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்த நடுக்கம் உயிரோடிருப்பவனுடையதா, இறந்தவனுடையதா என்று உறவினர் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். இறந்தவருக்குரிய முப்பத்தோராம் நாள் சடங்கைக் கழித்துவிடும்படி ஒரு பக்கம் வற்புறுத்தியது. றிச்மண்ட் ஹில் கோயில் ஐயர் ஒருவர், நாள் தெரியாமல் எதையும் செய்ய இயலாது என்று சொல்லி அதைத் தள்ளிவைத்தார். குணவதி பொட்டை அழிக்கவில்லை. கார்த்திகையில் வவுனியா முகாமிலிருந்து இரத்தினவேலின் மூன்று வரிக் கடிதம் வந்தது, பின்னர் தடுப்புக்காவலிலிருந்து ஒன்று, பின்னர் ஒன்றுமில்லை. திருமணங்கள் மெல்லத் தொடங்கியபோது டூவாப் அண்ணைமாரையும் அழைத்தார்கள். அவர்கள் அதே ஆறு கட்டைப் பள்ளத்தில் பாடினார்கள். மேலே ஏறவும் இல்லை, குழல் ஊதவும் இல்லை. மண்டபக்காரர் முன்வரிசைக் கண்ணாடிக் குவளைகளை அகற்றிவிட்டுப் பிளாஸ்ரிக் குவளை வைக்கப் பழகினார்கள். மணமக்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டார்கள். மேற்குரல் இல்லாமல் பாட்டு மொட்டையாக இருந்ததை எல்லோரும் உணர்ந்தார்கள். யோசப்பின் முன்னிலையில் எவரும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்று மாசியில் இரத்தினவேல் பியர்சன் விமான நிலையத்தில் வந்திறங்கினார். கோட்டு அவருக்கு இரண்டு மடங்கு பெரிதாயிருந்தது. தமக்கை அவரோடு வரவில்லை. வந்திட்டன் என்று அவர் சொன்னபோது, தகரத்தின்மேல் மணல் விழுவதுபோன்ற மெல்லிய, உயர்ந்த குரலொன்று கேட்டது. முகாமில் நெடுநாள் ஒரு சொல்லும் பேசாதிருந்ததாகவும், பேசத் தொடங்கியபோது இதுவே எஞ்சியிருந்ததாகவும் பின்னர் கூறினார். குணவதி அதைக் கேட்டு முகம் மாறாமல், சாப்பிட்டியளோ என்றார்.

ஆனால் குணவதி அன்றிரவு அருள்நாயகத்திடம் சொன்ன பயம் வேறு. இரண்டு வருடமாக அந்த நடுக்கத்தைத்தான் புருஷன் என்று அவர் வழியனுப்பியும் வரவேற்றும் வந்திருந்தார். இரத்தினவேல் போய் அங்கே நின்றால் அது என்ன ஆகும்? இவருக்குள் திரும்பிப் போகுமா, அல்லது உரியவன் வந்துவிட்டான் என்று நின்றேவிடுமா? அருள்நாயகமும் அதை நினைத்தே நித்திரையின்றிக் கிடந்தார். ஒரு முறை கைப்பிழையால் தொலைத்தவர் அவர். பழக்கம் இல்லை, யோசப்புக்குச் சுகமில்லை, தரிப்பிடத்தில் பூச்சு வேலை நடக்கிறது என்று நான்கு கிழமை இரத்தினவேலுக்குச் சாக்குச் சொன்னார். ஐந்தாம் கிழமை வெள்ளிக்கிழமை இரத்தினவேல் தாமே பஸ் எடுத்து, மஞ்சள் கோட்டோடு, சரிவுப்பாதையால் இறங்கி வந்தார். பின்னாலேயே குணவதி கதிரை இன்றி ஓடி வந்தார்.

இரத்தினவேல் தம்முடைய பழைய இடத்தைப் பார்த்தார். அங்கே ஆள் நிற்கிறது என்பதை அறிந்தவர்போல விலகி, யோசப் முன்பு நின்ற மேற்குரல் இடத்தில் போய் நின்றார். யோசப் எதிர்ப்புறம் நகர்ந்து இடம் கொடுத்தார். பொன்னம்பலம் சொடுக்கினார். குணவதி குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். அருள்நாயகத்துக்கு நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

தரை நடுங்கிற்று. தும்-துடும், தும். அருள்நாயகம் சொற்களைத் தொடங்கினார். நடுக்குரலும் யோசப்பின் தவளைக்குரலும் சூழ்ந்தன. இரண்டாம் வரியில், எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு வருடமாக வெறுமையாகக் கிடந்த அந்த உயரத்தில், இரத்தினவேலின் மெல்லிய மணற்குரல் ஏறி நின்றது. அவருக்குக் கீழே, நெடுந்தூரம் கீழே, அவருடைய கட்டைக்குரல் தன் பாட்டில் அடி கொடுத்துக்கொண்டு போயிற்று. பாட்டு முடிந்தது. இரத்தினவேல் தலையைச் சாய்த்தார்.

"உவன் ரெண்டாம் அடியில மூச்சு எடுக்கிறான். அது பிழையடா. நான் ஒருநாளும் அதில எடுக்கேல்லை," என்றார்.

பங்கருக்குள் படுத்துக் கிடந்து பாடினவனுக்கு மூச்சு அப்படித்தான் வரும் என்றார் பொன்னம்பலம். இரத்தினவேல் அதை ஒப்புக்கொண்டார். எல்லோரும் அருள்நாயகத்தைப் பார்த்தார்கள். திருத்துவது எப்போதும் அவருடைய வேலை.

"அப்ப நாங்களும் அதிலையே எடுப்பம்," என்றார் அருள்நாயகம்.

முதலிலிருந்து தொடங்கினார்கள். இரண்டாம் அடி வந்ததும், தரைக்குக் கீழே இருந்தவனும் சேர்ந்து ஐந்து பேரும் மூச்செடுத்தார்கள்.